தனசேகரன் கொண்டுவந்த சீர்

இதைக் கதை என்று நினைத்துப் படிக்க உட்கார்ந்தவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிவிடலாம். எனக்கு ஒரு நட்டமும் இல்லை. நடந்தது நடந்ததுதான். 1963, செப்டம்பர் 28 சனிக்கிழமை, 29 ஞாயிற்றுக்கிழமை. இடம், சிங்கப்பூர் வீராசாமி ரோட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த கடைவீட்டின் பின்கட்டு. சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவேன்.

இன்னொன்று. பேய் என்றதும் நடுராத்திரி, நாய் ஊளை, மல்லிகைப்பூ வாசம் என்று எதிர்பார்க்காதீர்கள். எனக்கு நேர்ந்ததெல்லாம் பட்டப்பகலில். உச்சி வெயில் நேரத்தில், பக்கத்து வீட்டு ரேடியோ பாடிக்கொண்டிருக்கும்போது. ராத்திரி என்றால் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு முருகா என்று படுத்துவிடலாம். பகலில் எங்கே போய் ஒளிவது?

நான் வேலாயுதம். அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. ஜாலான் புசார் சந்து ஒன்றில் மோட்டார் பட்டறையில் வேலை. எரிந்துபோன மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றுவது, மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி பழுது பார்ப்பது. சாமியைக் கும்பிடுவேன், ஆனால் டெஸ்டரைத்தான் நம்புவேன். கொஞ்சம் முன்கோபி. கொஞ்சம் என்று நான் சொல்கிறேன். என் மனைவி பூவம்மாவைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வாள்.

தனசேகரன் அதே பட்டறையில் எனக்குப் பக்கத்து மேசை. ஒன்பது வருடம். ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்டிருக்கிறோம். என் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன் அவன்தான். பூவம்மாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இந்த ஊரில் இல்லை. அவனை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவாள். ‘சொல்லு தங்கச்சி’ என்று அவனும் உருகிப்போவான். பாவி.

அந்தச் செப்டம்பரில் பூவம்மாவுக்கு ஏழாம் மாதம். கல்யாணமாகி ஆறு வருடத்தில் இரண்டு தடவை கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை. குனிந்து துவைக்கக் கூடாது, வாளி தூக்கக் கூடாது என்று மருத்துவச்சி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். இந்தப் பிள்ளையும் போய்விட்டால் இவள் தாங்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். நானும் தாங்கமாட்டேன். வெளியே சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அக்டோபர் 4 வெள்ளிக்கிழமை வளைகாப்பு வைத்திருந்தோம். தாய்வீட்டுச் சீர் வரவேண்டும். தாய்வீடு நாகப்பட்டினம் பக்கம், கப்பலேறி யார் வருவார்கள்? பூவம்மா அதைச் சொல்லி ஒருநாள் கண்ணைக் கசக்கினாள். எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த தனசேகரன் சோற்றுக் கையை நெஞ்சில் வைத்தான்.

“நான் எதுக்கு இருக்கேன் தங்கச்சி? அண்ணன் சீர் என்னோடது. ஊரே வாயைப் பொளக்கும் பாரு.”

சொன்னபடியே செய்தான். சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு ஐம்பதுக்கு வாசலில் லோரி வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியது ஒரு துணி துவைக்கும் மெஷின். வெள்ளை உடம்பு, மேலே துணி பிழியும் ரப்பர் உருளை இரண்டு. பழசுதான். மூடியில் ஏதோ ஜெர்மன் எழுத்து. எங்கள் தெருவில் அப்போது யார் வீட்டிலும் மெஷின் கிடையாது. பூவம்மா அதன் மூடியைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

“சிலேத்தார் பட்டாளத்து கேம்ப்ல ஒரு வெள்ளைக்காரன் ஊருக்குப் போறான். அவன்கிட்ட வாங்கினது,” என்றான் தனசேகரன். “லேசா ஒழுகுதாம். நான் திறந்துகூடப் பாக்கல. நீ பாத்துக்க. பிளக் இல்ல, ஒண்ணு போட்டுக்க.”

“டீ குடிச்சிட்டுப் போங்கண்ணே.”

“இல்ல தங்கச்சி. லோரிக்காரன் காத்திருக்கான்.”

எங்கள் வீட்டில் டீ குடிக்காமல் அவன் போனது அதுதான் முதல் தடவை. மெஷினைக் கூலிக்காரர்கள் பின்கட்டு முற்றத்தில் குழாய்க்குப் பக்கத்தில் வைத்தார்கள். அவன் நடையிலேயே நின்றுகொண்டான். முற்றத்தில் கால் வைக்கவில்லை. அப்போது நான் இதையெல்லாம் கவனித்தேனே தவிர, யோசிக்கவில்லை.

ஒன்று மட்டும் உறுத்தியது. மெஷினின் கம்பி நுனி வெட்டப்பட்டிருந்தது. பிளக்கை எந்தத் தொழில்காரனும் வெட்டமாட்டான். திருகைக் கழற்றி எடுத்து, அடுத்த வேலைக்கு வைத்துக்கொள்வான். வெள்ளைக்காரனுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கே தண்ணீர் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அந்த வருடம் மழை பொய்த்து, குழாய்த் தண்ணீரை முறைபோட்டு நிறுத்திக்கொண்டிருந்தார்கள். எங்கள் முறை வரும் நாளில் காலை எட்டு மணிக்கு நின்றால் மதியம் இரண்டுக்குத்தான் வரும். சனி, ஞாயிறு இரண்டுமே எங்கள் முறை. தண்ணீர் வருவது தெரியவேண்டுமே என்று எல்லா வீட்டிலும் குழாயைத் திறந்தே விட்டு, அடியில் வாளி வைத்திருப்பார்கள். முதலில் குழாய் இருமும். பிறகு காற்று சீறும். அப்புறம்தான் தண்ணீர். அந்த இருமல் கேட்டால் தெருவே எழுந்து ஓடும்.

ஒன்றேகால் மணிக்குச் சட்டையைக் கழற்றிவிட்டு முற்றத்துக்குப் போனேன். மெஷினுக்கு அடியில் தண்ணீர்.

ஒரு சொம்பு அளவு இருக்கும். குழாயில் சொட்டு இல்லை. மெஷினின் தொட்டியில் கைவிட்டுத் தடவினேன். சுத்தமாகக் காய்ந்திருந்தது.

எங்கேயாவது தேங்கியிருந்த பழைய தண்ணீர் என்று மெஷினைச் சாய்த்துப் பார்த்தேன். அடியில் ரப்பர் குழாய் வெடித்திருந்தது. சரி, இதுதான் வியாதி. பழையதை அறுத்துவிட்டு, கையில் இருந்த புதுக் குழாயை மாட்டி இறுக்கினேன். துணியால் தரையைத் துடைத்துப் பிழிந்தேன். பிழிந்த தண்ணீர் லேசாக நீலமாக இருந்தது. வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலம். வெள்ளைக்காரனும் நீலம் போடுவானா என்று பூவம்மாவிடம் கேட்டுச் சிரித்தேன்.

இரண்டு மணிக்குத் தண்ணீர் வந்தது. தொட்டியை நிரப்பி அரைமணி நேரம் பார்த்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. தண்ணீரை வடித்து, தொட்டியை உலரத் துடைத்து, மூடியைச் சாத்தினேன். நாளைக்குப் பிளக் போட்டு ஓட்டிவிடலாம் என்று பூவம்மாவிடம் சொன்னேன். அவள் பிள்ளைக்குத் தைத்து வைத்திருந்த துணிகளை எடுத்து எண்ண ஆரம்பித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை. எட்டு மணிக்குக் குழாய் நின்றது. பத்து இருபதுக்கு முற்றத்துக்குப் போனேன்.

மெஷினுக்கு அடியில் தண்ணீர். நேற்றைவிட அதிகம்.

தொட்டி காய்ந்திருந்தது. நான் மாட்டிய குழாயும் காய்ந்திருந்தது. கெட்ட வார்த்தை ஒன்று வாயில் வந்தது. தனசேகரனைத்தான் திட்டினேன். ஓசி மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான், அதற்காக இப்படியா? பம்பைக் கழற்றினேன். உள்ளே ரப்பர் வளையம் தேய்ந்திருந்தது. பழைய லோரி டியூபிலிருந்து வட்டமாக வெட்டி, புது வளையம் செய்து போட்டேன். முதுகு கழன்றுவிட்டது. மணி பன்னிரண்டு.

பூவம்மா சாப்பிட்டுவிட்டு முன்னறையில் படுக்கப் போனாள். பிள்ளைத்தாய்ச்சி உச்சி நேரத்தில் வானம் பார்த்த இடத்தில் நிற்கக் கூடாது என்று எதிர்வீட்டு அம்மாள் சொல்லி வைத்திருந்தாள். எங்கள் முற்றத்துக்குக் கூரை கிடையாது.

பன்னிரண்டு பத்து. திருப்புளியைத் தேடித் திரும்பினேன். தரையில் கால் தடம்.

ஈரத் தடம். வெறுங்கால். மெஷினிலிருந்து புறப்பட்டு நடை வரைக்கும் போயிருந்தது. குதிகால் அழுத்தமாக, விரல்கள் வெளிப்பக்கம் விரிந்து... வயிற்றுப் பாரத்தோடு நடக்கிறவள் நடை. இரண்டு மாதமாக வீட்டில் நான் பார்க்கிற நடைதான் அது.

“பூவம்மா, ஈரத்துல நடக்காதன்னு சொன்னேன்ல?”

முன்னறைக்குப் போனேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

காய்ந்திருந்தது.

திரும்பி முற்றத்துக்கு வந்தபோது பன்னிரண்டு இருபத்தைந்து. பக்கத்து வீட்டு ரேடியோவில் ஏதோ பேச்சு. குழாய் இருமியது.

‘க்க்... க்க்...’

இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறதே என்று நினைத்தேன். காற்று சீறியது. அப்புறம் தண்ணீர் விழுகிற சத்தம். வாளி நிறைகிற சத்தம். அடியில் விழும்போது ஒரு மாதிரி, நிறைய நிறைய ஒரு மாதிரி மாறுமே... அப்படியே. தெருவில் யாரும் ஓடவில்லை. வேறு எந்த வீட்டிலும் சத்தம் இல்லை.

நான் வாளியைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

காலி வாளி. அதற்குள் தண்ணீர் நிறைகிற சத்தம்.

சட்டென்று நின்றது.

எனக்கு வேர்த்துவிட்டது. வெயில், பசி, தூக்கமின்மை என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். சொம்புத் தண்ணீரைக் குடித்தேன். வேலையை முடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். ஒன்று நாற்பதுக்குப் பிளக் போட உட்கார்ந்தேன்.

தொழில் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மூன்று கம்பி வரும். சிவப்பில் மின்சாரம் வரும். கறுப்பில் திரும்பும். பச்சை, எர்த்து. அது மெஷினின் இரும்பு உடம்போடு சேர்ந்திருக்கும். உள்ளே ஏதாவது கசிந்தால் ஆளை அடிக்காமல் மண்ணுக்கு இறக்கிவிடும். நாங்கள் பழகியது இதுதான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சிவப்பு என்றால் கரண்ட் என்போம். இந்த மெஷினில் சிவப்பு, கறுப்பு, சாம்பல். பச்சைக்குப் பதில் சாம்பல் வைத்திருக்கிறான் போல என்று நினைத்தேன். சிவப்பைக் கரண்ட் முனையில் வைத்து முறுக்கினேன். கறுப்பு அதன் இடத்தில். சாம்பல் எர்த்தில்.

பிளக்கைத் தரையில் வைத்துவிட்டு, கையைத் துடைத்துத் திரும்பினேன்.

சிவப்புக் கம்பி வெளியே கிடந்தது.

கறுப்பு இருந்தது. சாம்பல் இருந்தது. சிவப்பு மட்டும் உருவிக்கொண்டு வந்திருந்தது. திருகு சரியாகப் பிடிக்கவில்லை என்று திரும்பவும் வைத்து, பல்லைக் கடித்து முறுக்கினேன். இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

“ஏங்க, ஆயிடுச்சா?”

பூவம்மா. கையில் பிள்ளைத் துணிகள். தூங்கி எழுந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷம். சரியாக இரண்டு மணி. குழாய் இருமியது. இந்தத் தடவை நிஜமாகவே தண்ணீர் வந்தது. தெருவெல்லாம் சத்தம் கேட்டது. எனக்கும் உயிர் வந்தது. தொட்டியை நிரப்பினேன். துணிகளைப் போட்டேன். பிளக்கை எடுத்தேன்.

சிவப்பு வெளியே கிடந்தது.

பூவம்மாவைப் பயமுறுத்த வேண்டாம் என்று வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் தடவை முறுக்கினேன். பிளக்கைச் சுவரில் சொருகினேன். சுவிட்சில் விரல் வைத்தேன்.

மெஷினுக்கு அடியிலிருந்து தண்ணீர் பரவி வந்தது. பூவம்மா வெறுங்காலோடு அதில் நின்றாள். ஒரு கை மெஷின் மூடிமேல்.

“போடவா?”

“போடுங்க.”

அவள் கீழே பார்த்தாள். தரைத் தண்ணீரை.

“ஏங்க...”

“என்ன?”

“எனக்குப் பின்னாடி நிக்கிற அம்மா யாரு?”

விரல் சுவிட்சிலேயே இருந்தது.

அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை. காலி நடைதான் இருந்தது.

“ஐயோ!” என்று பூவம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். யாரோ இழுத்ததுபோல் இரண்டடி பின்னால் போனாள். விழவில்லை. நடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் பிளக்கைப் பிடுங்கினேன்.

சிவப்பு வெளியே இருந்தது. சுவரில் சொருகிய பிளக்கிலிருந்து... எப்படி?

பயத்தில் எனக்குக் கோபம்தான் வரும். எவன்டா இழுக்கிறது என்று அந்தச் சிவப்புக் கம்பியைக் கையில் பிடித்தேன். தண்ணீரை வடித்துவிட்டு மெஷினைச் சாய்த்து, பின் தகட்டைக் கழற்றி, கம்பி போகிற வழியே விரலை விட்டுக்கொண்டே போனேன். மோட்டாருக்குப் போகவேண்டிய சிவப்பு, மோட்டாருக்குப் போகவில்லை.

அது மெஷினின் இரும்பு உடம்பில் திருகப்பட்டிருந்தது.

டார்ச் பேட்டரியையும் குட்டி பல்பையும் கட்டிய சோதனை விளக்கை எடுத்தேன். ஒரு முனை சிவப்பில். ஒரு முனை மூடியில், பூவம்மா கை வைத்திருந்த இடத்தில்.

பல்பு எரிந்தது.

ஜெர்மன்காரன் அந்தக் காலத்தில் எர்த்துக்குச் சிவப்பு வைத்திருந்தான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அன்று தெரிந்தது இவ்வளவுதான். நான் சுவிட்சைப் போட்டிருந்தால் மின்சாரம் மோட்டாருக்குப் போயிருக்காது. நேராக இரும்புக்குப் போயிருக்கும். இரும்பிலிருந்து அவள் கைக்கு. ஈரத் தரையில் வெறுங்கால். ஏழு மாதம்.

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். சொல்ல வெட்கமில்லை.

அழுதுவிட்டுக் கழற்றிய தகட்டை எடுத்தேன். அதன் உள்பக்கம் பென்சில் எழுத்து. எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. எதைப் பழுது பார்த்தாலும் மூடியின் உள்ளே தேதி, இடம், கையெழுத்து வைத்துவிடுவோம், அடுத்த தடவை வந்தால் தெரிந்துகொள்ள.

‘17-8. ரோவல் ரோடு. த.சே.’

திறந்துகூடப் பார்க்கவில்லை என்றானே...

மறுநாள் காலை ஏழு நாற்பது. பட்டறைச் சந்தில் அவனை மறித்தேன். தகட்டைக் காட்டினேன்.

“அதுவாடா? பெல்ட் மாத்துன வேலை. மறந்தே போச்சு.”

“சிவப்பு பாடில இருக்குடா.”

அவன் முகம் வெளுத்தது. பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

“சத்தியமா எனக்குத் தெரியாதுடா வேலு. தெரிஞ்சா குடுப்பனா? பூவு என் தங்கச்சிடா!”

நம்பிவிட்டேன். முழுசாக இல்லை, முக்கால்வாசி. ஒன்பது வருடம் பழகிய மனசு, என்ன செய்வது? அழுகிறவனை அடிக்கக் கை வரவில்லை. ஆனாலும் வேலை விட்டதும் கால்கள் ரோவல் ரோட்டுக்குத்தான் போயின.

மெஷின் வைத்திருந்த வீடு எது என்று தெருவில் கேட்டதுமே காட்டிவிட்டார்கள். மாடியில் குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள். கீழே மளிகைக் கடை வைத்திருந்த சம்சுன்னிசா அக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இப்ப எதுக்குக் கேக்குறீங்க தம்பி? அந்தப் புள்ளதான் போயிடுச்சே.”

“எந்தப் புள்ளக்கா?”

“சிவகாமசுந்தரி. ஏழு மாசம் வாயும் வயிறுமா இருந்துச்சு. ஆகஸ்ட்டு பதினேழு, சனிக்கிழமை. மெஷினைச் சரிபண்ண வந்தவன் புதுப் பிளக்கும் போட்டுட்டு, தண்ணி இல்ல, ஓட்டிப் பாக்க முடியாது, ரெண்டு மணிக்குத் தண்ணி வந்ததும் போட்டுக்கன்னு சொல்லிட்டுப் போயிட்டான். தண்ணி வந்துச்சு. அது போட்டுச்சு.”

பிள்ளைத்தாய்ச்சிக்கு வலிப்பு வந்துவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்களாம். புருஷன் சுப்பிரமணியம் பித்துப் பிடித்தவன்போல் ஜொகூர் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குப் போய்விட்டானாம்.

“மெஷினை யாருக்கா எடுத்துட்டுப் போனது?”

“அவனேதான். தனசேகரன். எதிர் டீக்கடையில இருந்து சத்தம் கேட்டு ஓடி வந்தவன், புள்ளையைத் தூக்காம முதல்ல பிளக்கை வெட்டி ஜோப்புல போட்டான் தம்பி. நான் பாத்துட்டேன். ஏன்டான்னு கேட்டேன். என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு அழுதான். சிவப்புக் கம்பி பாடியில இருக்குதுக்கா, எனக்குத் தெரியாமப் போச்சு, யார்கிட்டயும் சொல்லிடாதீங்கன்னு. அந்தப் புள்ள என் தங்கச்சி மாதிரிக்கான்னு ஒரே அழுகை. பாவமேன்னு வாயை மூடிக்கிட்டேன்.”

தங்கச்சி மாதிரி.

அதே அழுகை. அதே மாதிரி இரண்டு கையையும் பிடித்து. ஆறு வாரமாக அவனுக்குத் தெரியும். ‘சிவப்பு எர்த்துடா’ என்று இரண்டே வார்த்தை. அதைச் சொன்னால் ரோவல் ரோடு வெளியே வந்துவிடும். அதற்குப் பயந்து என் பெண்டாட்டியையும் பிள்ளையையும் விட்டுக்கொடுத்துவிட்டான். கூட இருந்தே குழி பறிப்பது என்பார்கள். நான் அந்தக் குழிக்கு உள்ளேயே நின்று அவனுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கிளம்பும்போது அக்கா தானாகச் சொன்னார்.

“அந்தப் புள்ள புருஷனோட வெள்ளைச் சட்டைக்கு நீலம் கரைச்சுக்கிட்டு இருந்துச்சு தம்பி. குளிப்பாட்டும்போதுகூட கையில இருந்து நீலம் போகலன்னு சொன்னாங்க.”

முந்தின ராத்திரிதான் பூவம்மா தண்ணீரில் பார்த்ததைச் சொல்லியிருந்தாள். முகம் தெரியவில்லையாம். வயிறு தெரிந்ததாம். ‘ரெண்டு கையும் மணிக்கட்டு வரைக்கும் நீலம்ங்க... அந்தக் கையாலதான் என் வயித்தைப் பிடிச்சு இழுத்துச்சு. வலிக்காம.’

செவ்வாய்க்கிழமை மெஷினைச் சம்மட்டியால் அடித்து நொறுக்கினேன். கம்பியைத் துண்டு துண்டாக வெட்டினேன். யாரும் எடுத்து ஓட்டிவிடக் கூடாது என்று உறுதியான பிறகுதான் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்தேன். மெஷின் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை.

திங்கட்கிழமைக்குப் பிறகு தனசேகரன் அந்த வாரம் பட்டறைக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை வளைகாப்புக்கு வந்தான்!

காலை பத்து ஐந்துக்கு. வெள்ளை வேட்டி, கையில் தாம்பாளம், பழம், பூ, கண்ணாடி வளையல். அண்ணன் முறைக்கு. வாசலில் நின்று சிரித்தான். என்ன நெஞ்சழுத்தம்! நான் எழுந்து போவதற்குள் பூவம்மா போய்விட்டாள். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன்.

“அண்ணே, சிவகாமசுந்தரிக்கு வளைகாப்பு வெச்சாங்களா?”

அழுவான் என்று நினைத்தேன். அழவில்லை. முதல் தடவையாக உண்மையைச் சொன்னான்.

“என் ரூம்ல ஆறு வாரமா ஒழுகுச்சு தங்கச்சி. காஞ்ச மெஷின்ல இருந்து... தூங்கவே விடல. யாருக்காவது குடுத்துட்டா நின்னுடும்னு...”

“அதுக்கு நான்தான் கெடச்சேனா?”

அவன் பார்வை எங்களைத் தாண்டிப் போயிற்று. நடைப் பக்கம். நானும் திரும்பிப் பார்த்தேன்.

முற்றத்திலிருந்து ஈரத் தடம் வந்துகொண்டிருந்தது.

ஒன்று. அடுத்து ஒன்று. குதிகால் அழுத்தமாக. பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தரும் கவனிக்கவில்லை. தடம் பாயைச் சுற்றி வந்தது. பூவம்மாவைச் சுற்றி வந்தது.

அவன் முன்னால் நின்றது.

அவன் தாம்பாளத்தைப் போட்டுவிட்டு ஓடினான். வளையல் எல்லாம் நொறுங்கியது. வாசலுக்கு வெளியே கடைவீடுகளை ஒட்டிய ஐந்தடி நடைபாதையில் அவன் செருப்புத் தடத்துக்குப் பின்னால், வெயிலில் காயாமல், வெறுங்கால் தடம் தெருக்கோடி வரைக்கும் போனதை நான் பார்த்தேன். அன்றும் குழாயில் தண்ணீர் இல்லை.

டிசம்பரில் பெண் பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். இப்போது வரைக்கும் நலம்.

தனசேகரனைப் பிறகு நான் பார்க்கவில்லை. அறையைக் காலி செய்துவிட்டு எங்கேயோ போய்விட்டான் என்றார்கள். நவம்பர் கடைசியில் அவனுடைய வீட்டுக்காரர் ஒலி முகம்மது பட்டறைக்கு வந்தார். என்னைத்தான் தேடி வந்தார்.

“தம்பி, தனசேகரன் இருந்த ரூம்ல தண்ணி ஒழுகுது. கொஞ்சம் வந்து பாருங்களேன். எவ்வளவு துடைச்சாலும் நிக்கல.”

“குழாய் எந்தப் பக்கம் இருக்கு பாய்?”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“அது மாடி ரூம் தம்பி. குழாயே கிடையாது.”

தண்ணீர் என்ன நிறம் என்று கேட்டேன். அவர் சொன்னார். நான் போகவில்லை. கிளம்பும்போது ஒன்று கேட்டுவிட்டுப் போனார்.

“ஒண்டிக்கட்டைன்னு சொல்லித்தானே ரூம் எடுத்தான்? காலி பண்ணிட்டுப் போன அன்னிக்கு அவன் பின்னாடியே மாசமா ஒரு பொண்ணு படியிறங்கிப் போச்சே... அது யாரு, அவன் தங்கச்சியா?”